வகுப்பறையில் மனவிழிப்புப் பயிற்சி: ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் பள்ளிகளில் பிள்ளைகளை அசையாமல் உட்காரச் சொல்வது புதிய செயலன்று. கையைக் கட்டு, வாயில் விரலை வை, கண்ணை மூடு என்ற கட்டளைகளை அவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே கேட்டு வருகிறார்கள். தலைமையாசிரியரின் காலடி ஓசை வராந்தாவில் கேட்டால் போதும், நாற்பது பேரும் ஒரே கணத்தில் அடங்கிவிடுவார்கள். அந்த அடக்கம் பயத்தால் வருவது. ஆகவே மனவிழிப்புப் பயிற்சியை, அதாவது இந்தக் கணத்தில் நடப்பதை நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல் கவனிக்கும் பழக்கத்தை, வகுப்புக்குள் கொண்டுவர விரும்பும் ஆசிரியர் எல்லாவற்றுக்கும் முன்னால் தம் நோக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சத்தத்தைக் குறைப்பதற்காக இதைச் செய்வதாக இருந்தால் தொடங்காமலிருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒரு பிள்ளை தன் மூச்சையும் உடலையும் தனக்குள் எழும் கோபத்தையும் அச்சத்தையும் கவனிக்கக் கற்றுக்கொள்வதும், யாரும் சொல்லாமலே வேண்டிய நேரத்தில் அந்தப் பழக்கத்தைத் தானாக எடுத்துப் பயன்படுத்துவதும்தான் இதன் பயன். வகுப்பு அமைதியாவது அதனோடு சேர்ந்து நிகழலாம், நிகழாமலும் போகலாம்.

பிற இடங்களில் கிடைத்த பாடம்

இன்று உலகெங்கும் பள்ளிகளில் நடக்கும் பயிற்சிகள் பெரும்பாலும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் 1979இல் நாள்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் துன்புற்ற நோயாளிகளுக்காகத் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியின் வழியில் வந்தவை. வயது வந்தவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்து, வீட்டிலும் நாள்தோறும் நெடுநேரம் செய்த பயிற்சி அது. அதை அப்படியே சுருக்கி, விருப்பம் கேட்காமல் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனில் நடந்த மிரியட் ஆய்வு நல்ல சான்று. 85 பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட பதின்ம வயது மாணவர்களிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளியாயின. பள்ளிகள் ஏற்கெனவே நடத்திவந்த சமூக, உணர்வுசார் பாடங்களைவிட மனவிழிப்புப் பாடங்கள் மாணவர்களின் மனநலத்தைக் கூடுதலாக மேம்படுத்தவில்லை என்று அது கண்டது. பெரும்பாலான மாணவர்கள் வகுப்புக்கு வெளியே அந்தப் பயிற்சியைச் செய்யவே இல்லை. ஏற்கெனவே மனநலச் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கு இது ஒத்துவராமல் போகலாம் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. அதே நேரத்தில், பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் பணிச்சோர்வு ஓரளவு குறைந்ததற்கான அறிகுறியும் தெரிந்தது.

இந்த முடிவுகளைக் கண்டு கைவிட வேண்டியதில்லை. ஆனால் அவற்றை மறைத்துவிட்டுப் பெற்றோரிடம் பேசவும் கூடாது. நினைவாற்றல் பெருகும், மதிப்பெண் உயரும் என்றெல்லாம் வாக்குறுதி கொடுப்பது தவறு. சிறிய பயிற்சிகளை, விருப்பத்தின் பேரில், நீண்ட காலத்துக்கு, பயிற்சியில் தாமே ஊறிய ஆசிரியர் நடத்த வேண்டும் என்ற பாடத்தையே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் தொடங்கப்பட்ட மகிழ்ச்சிப் பாடத்திட்டமும் இங்கே கவனிக்கத்தக்கது. மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை தனிப் பாடவேளை ஒதுக்கி, சில நிமிட மனவிழிப்போடு தொடங்கி, கதை, செயல்பாடு, உரையாடல் என்று நகர்ந்த அந்த ஏற்பாட்டில் தேர்வும் இருக்கவில்லை, மதிப்பெண்ணும் இருக்கவில்லை. இதை மதிப்பெண்ணுக்குள் கொண்டுவராமல் விட்டது நல்ல முடிவு.

முதலில் ஆசிரியர்

வகுப்பில் தொடங்குவதற்கு முன் குறைந்தது ஒரு மாதமாவது ஆசிரியர் தாம் மட்டும் செய்து பார்க்க வேண்டும். இதற்கென்று தனி நேரம் ஒதுக்க முடியாதவர்களே நம்மில் அதிகம் என்பதால், ஏற்கெனவே இருக்கும் வேலைகளுக்குள்ளேயே அதைச் செய்யலாம். பேருந்தில் அமர்ந்திருக்கும்போது பத்து மூச்சுகளை எண்ணாமல் பின்தொடர்வது, வகுப்பின் வாசற்படியில் ஒரு நொடி நின்று இரு பாதங்களும் தரையில் பதிவதை உணர்ந்துவிட்டு உள்ளே நுழைவது, முப்பதாவது நோட்டுப் புத்தகத்தைத் திருத்தும்போது தோள்கள் காது வரை ஏறியிருப்பதைக் கவனித்து இறக்கிவிடுவது ஆகியவையே போதும். ஒரு மாணவன் மீது சினம் பொங்கும் கணத்தில், அந்தச் சினம் உடலில் எங்கே முதலில் தெரிகிறது என்று பார்க்கப் பழகிய ஆசிரியரால்தான் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியும். தாடை இறுகுகிறதா, கழுத்து சூடாகிறதா, குரல் உயர்கிறதா என்று தமக்கே தெரியாதவர் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும் வழிகாட்டுதல் பிள்ளைகளிடம் எடுபடாது.

அனுமதியும் நம்பிக்கையும்

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னிலையில் அந்தப் பயிற்சியை ஒரு முறை செய்து காட்டிவிடுவது எல்லாச் சந்தேகங்களையும் தீர்க்கும் எளிய வழி. மதம் பற்றிய கேள்வி கட்டாயம் வரும், வரவும் வேண்டும். முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிலையங்களில் மதபோதனை கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 1993இல் பள்ளிகளில் யோகாவுக்குத் தடை விதித்து 2021இல்தான் அதை விலக்கிக்கொண்டது. அப்போதும் மந்திரம் ஓதக் கூடாது என்ற கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டது. நம் வகுப்பில் பல சமயப் பிள்ளைகளும் சமயமே வேண்டாம் என்ற குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே ஓங்காரம், மந்திரம், கைகூப்புதல், முத்திரை, விளக்கு, படம் எதுவும் வேண்டாம். இந்தப் பயிற்சிகளின் வேர் யோக மரபிலும் பௌத்தத் தியான மரபிலும் இருக்கிறதே என்று ஒரு பெற்றோர் கேட்டால், ஆம் என்று நேராகச் சொல்லி, வகுப்பில் நாம் செய்வது மூச்சையும் ஒலியையும் உடலையும் கவனிப்பது மட்டுமே என்று விளக்க வேண்டும். அதன் பிறகும் தம் பிள்ளை கலந்துகொள்ள வேண்டாம் என்பவரின் விருப்பத்தை மதித்து, அந்தப் பிள்ளை பயிற்சி நேரத்தில் படம் வரையவோ புத்தகம் பார்க்கவோ இடம் கொடுக்கலாம். அதைத் தண்டனை போலவோ விலக்கி வைத்தல் போலவோ மற்றவர்கள் உணராதபடி பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு.

செய்யக் கூடாதவை

இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மூச்சை அடக்கிவைக்கும் பயிற்சிகளும் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளும் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு உரியவை அல்ல. வேகமாக மூச்சு வாங்குவது தலைச்சுற்றலைத் தரும். சில வகை வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு அது வலிப்பையே தூண்டிவிடக் கூடும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றமாக இருக்கலாம். அதற்கு மூச்சுக்குப் பதிலாகப் பாதத்தையோ ஒலியையோ கவனிக்கச் சொல்லலாம்.

கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. வீட்டிலோ வெளியிலோ வன்முறையைச் சந்தித்த குழந்தைக்குக் கண்ணை மூடுவது பாதுகாப்பின்மையைத் தரும். உடலுக்குள் கவனத்தைக் கொண்டுபோவது பழைய அச்சத்தைக் கிளறிவிடலாம். அப்படிப்பட்ட பிள்ளைகள் யார் என்பது நமக்குத் தெரியாது என்பதனாலேயே, எல்லாருக்கும் எப்போதும் மாற்று வழி இருக்க வேண்டும். ஆசிரியர் தம் கண்களை மூடவே கூடாது. அவர் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் பிள்ளைகள் நிம்மதியாக மூட முடியும். நிமிர்ந்து உட்காரச் சொல்லி முதுகைத் தொட்டுத் திருத்துவது, தோளைப் பிடித்து இறக்குவது போன்றவை அறவே வேண்டாம். செய்து காட்டினால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இதைத் தண்டனையாக்கக் கூடாது. தோப்புக்கரணம் நம் பள்ளிகளில் என்னவாக ஆனது என்று நமக்குத் தெரியும். சத்தம் போட்டவனை மூலையில் நிறுத்தி, பத்து முறை மூச்சை இழுத்து விடு என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி வாழ்நாள் முழுவதும் கசந்துவிடும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சிகள்

ஒலியிலிருந்து தொடங்குவதே எளிது. மூச்சு கண்ணுக்குத் தெரியாது, சிறு பிள்ளைகளுக்கு அதைப் பிடிப்பது கடினம். ஒலி எல்லாருக்கும் கேட்கும். ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கைவிரல் நுனிகளில் ஏந்தி, கரண்டியால் ஒரு முறை தட்டி, ஒலி முற்றிலும் தேய்ந்து மறையும்போது கையை உயர்த்தச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நேரத்தில் கை தூக்கும். யார் சரி என்று சொல்லக் கூடாது, ஏனெனில் யாரும் தவறில்லை. மூன்று நாள் இதைச் செய்த பின், டம்ளர் ஒலி நின்ற பிறகு என்னென்ன கேட்கிறது என்று ஒரு நிமிடம் காது கொடுக்கச் சொல்லலாம். மின்விசிறியின் கிறீச்சொலி, காக்கை, சாலையில் பேருந்தின் ஹாரன், சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் என்று பட்டியல் நீளும். வெளிச்சத்தம் இடையூறு என்று பல ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள். இந்தப் பயிற்சிக்கு அந்தச் சத்தமே பாடப்பொருள்.

இரண்டாவது வாரத்தில் பாதம். தரையில் பாய் விரித்து அமரும் தொடக்க வகுப்பானால் உள்ளங்கையைத் தரையில் வைக்கச் சொல்லலாம். பெஞ்சில் அமர்பவர்கள் இரு பாதங்களையும் தரையில் பதிக்கலாம். தரை குளிர்ச்சியா, சூடா, சொரசொரப்பா, எந்த இடம் அழுந்துகிறது, எந்த இடம் தொடவில்லை என்று கேட்டுக்கொண்டே போனால் ஒரு நிமிடம் ஓடிவிடும். சண்டை போட்டுவிட்டு மூச்சிரைக்க வகுப்புக்குள் வரும் பிள்ளைக்கு மூச்சைவிடப் பாதமே உதவும்.

மூச்சுக்கு விரல்வழிப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். இடக்கையை விரித்து வைத்து, வலக்கை ஆள்காட்டி விரலால் கட்டைவிரலின் அடியிலிருந்து மேலே ஏறும்போது மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், இறங்கும்போது வெளியே விட வேண்டும். சுண்டுவிரல் முடிவதற்குள் ஐந்து மூச்சுகள் ஆகிவிடும். கண் திறந்தே இருக்கும், கைக்கு வேலை இருக்கும், பக்கத்தில் இருப்பவர் கவனிக்கவும் மாட்டார். ஆகவே தேர்வறையிலும் மேடைக்குப் பின்னாலும் இதைச் செய்ய முடியும். இது பழகிய பிறகு, இறங்குவதை ஏறுவதைவிட மெதுவாக்கச் சொல்லலாம். மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றே தணிகிறது. நீண்ட வெளிமூச்சு உடலை அமைதிப்படுத்துவதற்கு அதுவே காரணம். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களை மணிக்கட்டில் நாடி பார்க்கச் சொல்லி, பயிற்சிக்கு முன்னும் பின்னும் எண்ணச் செய்தால் அது அறிவியல் பாடமாகவும் ஆகிவிடும். கபடி ஆடும் பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிது. எதிரணிக் களத்தில் 'கபடி கபடி' என்று மூச்சு விடாமல் பாடிச் செல்வதே ஒரே நீண்ட வெளிமூச்சுதான் என்று சொன்னால், ஏற்கெனவே தமக்குத் தெரிந்த ஒன்றையே செய்கிறோம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வரும்.

வாயை மூடிக்கொண்டு வண்டு போல் ரீங்கரிப்பதும் நீண்ட வெளிமூச்சுக்கு ஏற்ற வழி. சுவீடன் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ரீங்கரிக்கும்போது மூக்கிலிருந்து வெளிவரும், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் வாயுவான நைட்ரிக் ஆக்சைடின் அளவு அமைதியாக மூச்சு விடும்போது இருப்பதைவிடப் பல மடங்கு உயர்வதைக் காட்டினார்கள். சிறு பிள்ளைகளுக்கு இந்த விவரம் தேவையில்லை. உதட்டிலும் மூக்கிலும் ஏற்படும் கூச்சத்தைக் கண்டு அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க விட்டுவிடுங்கள்.

மதிய உணவுக்குப் பின் வரும் பாடவேளையில் உட்கார்ந்து செய்யும் பயிற்சி தூக்கத்தில் முடியும். அந்த நேரத்துக்கு அசைவே பொருத்தம். பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, மூச்சை இழுத்துக்கொண்டே இரு கைகளையும் மேலே உயர்த்தி, விட்டுக்கொண்டே இறக்குவது; தோள்களைக் காதுவரை தூக்கிச் சட்டென்று விடுவது; பெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது ஆகிய மூன்றும் போதும். ஒற்றைக் காலில் யார் அதிக நேரம் நிற்கிறார் என்ற போட்டி தானாகவே முளைக்கும். அதை வளர்க்காமல், தடுமாறும்போது கணுக்காலில் என்ன நடக்கிறது என்று கேட்டால் கவனம் திரும்பிவிடும். சீருடை, மாதவிடாய், உடல் பருமன், மாற்றுத்திறன் ஆகியவற்றை மனத்தில் கொண்டு, உட்கார்ந்தபடியே செய்யும் வடிவத்தையும் எப்போதும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாதம் ஒரு முறை உண்ணும் பயிற்சி வைக்கலாம். மேலைநாடுகளில் இதற்கு உலர்திராட்சையைப் பயன்படுத்துகிறார்கள்; நமக்கு நெல்லிக்காய் இருக்கிறது. ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து, முதலில் நிறத்தையும் கோடுகளையும் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, கடிக்காமல் காத்திருந்து, பிறகு மென்று, புளிப்பும் துவர்ப்பும் மாறிவருவதைக் கவனித்து, இறுதியில் ஒரு வாய் தண்ணீர் குடித்து அது இனிப்பதை உணரச் செய்தால், கவனித்தல் என்றால் என்ன என்பதை விளக்க வேறு சொற்களே தேவைப்படாது. மிகச் சிறிய பிள்ளைகளுக்குக் கொட்டையை நீக்கி, சிறிதாக நறுக்கிக் கொடுக்க வேண்டும்.

எப்படிப் பேசுவது, எவ்வளவு நேரம்

பிள்ளைகளோடு பேசும்போது கட்டளையை விட்டு அழைப்பாகப் பேச வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படித் தொடங்கலாம்: "எல்லாரும் உங்களுக்கு வசதியா உட்காருங்க. விருப்பம் இருந்தா கண்ணை மூடிக்கலாம், இல்லைன்னா மேசையைப் பாத்துக்கிட்டு இருக்கலாம். இப்ப மூச்சு எங்க தெரியுதுன்னு பாருங்க. மூக்குல தெரியலாம், வயித்துல தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம். மனசு வேற எங்கயாவது போயிடுச்சுன்னா பரவாயில்ல, போச்சுன்னு தெரிஞ்சதே நல்லதுதான். மறுபடி மூச்சுக்கு வாங்க." மனம் வேறெங்காவது போனாலும் பரவாயில்லை என்ற வாக்கியத்தைத் தவறாமல் சொல்ல வேண்டும். மனம் அலைவதைத் தோல்வி என்று நினைத்துவிட்டால், படிப்பில் பின்தங்கிய பிள்ளை இதிலும் தான் தோற்றதாக எண்ணிக்கொள்ளும்.

நேரத்தைப் பொறுத்தவரை, தொடக்க வகுப்புகளுக்கு ஒரு நிமிடமும் உயர்நிலை வகுப்புகளுக்கு மூன்று நிமிடமும் போதும். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் செய்வதைவிட நாள்தோறும் ஒரு நிமிடம் செய்வது மேல். காலை வருகைப் பதிவு முடிந்ததும் அல்லது விளையாட்டுப் பாடவேளை முடிந்து திரும்பியதும் என்று ஒரே நேரத்தை வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் பிள்ளைகளே நினைவூட்டத் தொடங்குவார்கள்.

முடிந்ததும் "அமைதியா இருந்துச்சா?" என்று கேட்டால் நாற்பது பேரும் ஆமாம் என்பார்கள். "என்ன கவனிச்சீங்க?" என்று கேளுங்கள். எரிச்சலாக இருந்தது, கால் மரத்துப்போனது, பசித்தது என்று ஒரு பிள்ளை சொன்னால் அதுவே சரியான விடை; நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும். பசி என்ற பதில் அடிக்கடி வந்தால் அந்தப் பிள்ளை காலையில் சாப்பிட்டதா என்று விசாரிக்க வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு உரியது; ஆறாம் வகுப்புக்கு மேல் வெறும் வயிற்றோடு வருபவர்களை நாம்தான் கவனிக்க வேண்டும். உணவுக்கும் உறக்கத்துக்கும் அடி விழாத வகுப்புக்கும் மூச்சுப் பயிற்சி மாற்றாகாது.

சில நேரங்களில் ஒரு பிள்ளை அழும். வகுப்பின் முன் காரணம் கேட்காமல், பயிற்சியை மெதுவாக முடித்து, தண்ணீர் குடிக்க அனுப்பி, பிறகு மற்றவர் காதில் விழாத, ஆனால் மற்றவர் பார்வைக்கு மறையாத இடத்தில் பேச வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலியல் வன்கொடுமை பற்றிய செய்தி வெளிப்பட்டால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதை உரியவர்களுக்குத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் 14416 ஆகிய மூன்றையும் கரும்பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். தொடர்ந்து உறக்கமின்மை, உணவை மறுத்தல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல் போன்ற அறிகுறிகள் உள்ள பிள்ளைக்குத் தேவை மருத்துவரும் ஆலோசகரும். கூடுதலான மூச்சுப் பயிற்சி அதற்கு மருந்தாகாது.

பொதுத்தேர்வு நாளில்

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மார்ச் மாதத்தில் புதிதாக எதையும் கற்றுத்தர முயல வேண்டாம். ஜூன் மாதத்திலிருந்து செய்த பயிற்சிதான் அன்று கைகொடுக்கும். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடமும் விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடமும் தரப்படுகின்றன. வினாத்தாளைத் திறந்ததும் தெரியாத கேள்வி கண்ணில் படும்போதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போகிறது. அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்து, பாதங்களைத் தரையில் அழுத்தி, மேசைக்கு அடியில் ஐந்து விரல் மூச்சை ஒரு முறை முடித்துவிட்டு, மறுபடி முதல் கேள்வியிலிருந்து படிக்கத் தொடங்குமாறு சொல்லி, அதைத் திருப்புதல் தேர்வுகள் ஒவ்வொன்றிலும் அதே வரிசையில் செய்து பழக்கிவிட வேண்டும்.